கெடாமல் வைத்திருப்பவர்கள்

அந்த ஆண்டு மளிகைக் கிடங்கில் பரவிய காய்ச்சல் மேலே ஏறவில்லை, கீழே இறங்கியது. முதலில் விழுந்தவர் ஆறாவது வரிசையில் மூட்டை அடுக்கும் பெரியவர். சாப்பாட்டு இடைவேளையில் விரல் மடங்கவில்லை என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்தார். முதலுதவி அறையில் இருந்த வெப்பமானி அவ்வளவு கீழே காட்டாது என்பதால், ஆப்பிள் அறைச் சுவரில் தொங்கியதைக் கழற்றிவந்து அவர் மேல் வைத்துப் பார்த்தார்கள். பதினொரு டிகிரி. கேரட் அறையிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். அதுவும் பதினொன்று. பெரியவர் பதறவில்லை. ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்த டீ அவர் வாய்க்குப் போவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. அதையும் மிச்சம் வைக்காமல் குடித்தார். மறுநாள் அவருக்குப் பக்கத்தில் நின்று அடுக்கிய இருவருக்கும், அதற்கு அடுத்த நாள் சரக்கு ஏற்றும் வாசலில் ஒன்பது பேருக்கும் அதே பதினொன்று. மூன்றாவது வார முடிவில், கிடங்கில் வேலை செய்த நானூற்று இருபது பேரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் குளிர்ந்திருந்தார்கள்.

ஊருக்கு இருந்ததே அந்த ஒரு கிடங்குதான். நாற்பது வாசல், இரண்டாயிரத்து முந்நூறு கடை. லாரி ஓட்டுநர்கள் வாசலுக்கு ஒரு மைல் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு, சரக்கைச் சாலையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிறகு அதற்கும் வரவில்லை. அதிகாரிகள் கிடங்கின் எல்லா வாசலையும் பூட்டி முத்திரை வைத்தார்கள். கடைகள் ஒழுங்குமுறையாகக் காலியாயின: முதலில் முட்டை, பிறகு ரொட்டி, எண்ணெய், மாவு, பருப்பு, கடைசியில் யாரும் ஒருபோதும் வாங்காத ஊறவைத்த காளான் பாட்டில்கள். தெருமுனைக் கடைக்காரர் வெறும் அலமாரி பார்ப்பதற்கு ஒருமாதிரி இருக்கிறதென்று மிச்சமிருந்த பதினான்கு தீப்பெட்டியையும் இரண்டடி இடைவெளி விட்டு அடுக்கி வைத்திருந்தார். நாலு கிலோ தக்காளிக்கு ஒரு சைக்கிள் கைமாறியது. சைக்கிளைக் கொடுத்தவர் நடந்துபோகும்போது யாரும் அவரை முட்டாள் என்று சொல்லவில்லை.

பூட்டிய கிடங்குக்குள் சரக்கு அழுகியது. நாற்றம் மூன்று தெரு வரைக்கும் வந்தது. நான்காவது வாரம் முகமூடியோடு உள்ளே போன ஆட்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். பூட்டும் அவசரத்தில் உள்ளேயே விட்டுவிட்ட மூன்று நோயாளிகள் வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சு வந்தது. ஒவ்வொருவரைச் சுற்றியும் நாலடிக்குக் கீரை அன்று காலை பறித்தது போல நின்றது. ஐந்தாவது அடியில் எல்லாம் கறுப்புச் சேறு.

நகராட்சி டாக்டர் ஒன்றரை மாதம் தூங்காமல் பார்த்து இரண்டு விஷயங்களை உறுதி செய்தார். நோயாளியின் பக்கத்தில் கெடக்கூடிய பொருள் எதுவும் இல்லாவிட்டால், உடம்பு நாளொன்றுக்கு அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலே ஏறி, நாற்பதாவது நாள் பழைய சூட்டுக்கு வந்துவிடும். ஒரு வாழைப்பழம் இருந்தாலும் போதும், உடம்பு அதைக் காப்பாற்றத் தொடங்கி மறுபடி இறங்கும். எவ்வளவு உயரம் ஏறியிருந்ததோ அவ்வளவு வேகமாக விழும். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் பேச்சும் நடையும் நின்றுவிடும். ஏன் இப்படி என்று கேட்டவர்களிடம் டாக்டர், "ஒண்ணைக் கெடாம வச்சிருக்கிறதும் வேலைதாங்க. இவங்க உடம்புக்கு வேலையை நிறுத்தத் தெரியல," என்று மட்டும் சொன்னார்.

கிடங்கில் ஹாரன் என்று அழைக்கப்பட்டவன் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுபவன். வண்டியின் ஹாரன் பழுதாகி ஆறு வருடமாக யாரும் சரிசெய்யாததால், ஒவ்வொரு திருப்பத்திலும் வாயாலேயே பீப்பீ என்று கத்திக்கொண்டு வருவான். அவன் மனைவிக்குத் தேதி என்று பெயர் வந்ததற்குக் காரணம் அவள் வேலை. எந்தப் பொருள் எந்த நாளோடு கெடும் என்று பார்த்து, நாள் நெருங்கியதைக் குளிர்காற்று வரும் வாய்க்குப் பக்கத்திலும் நாள் தள்ளியிருப்பதை வெளியிலும் மாற்றி மாற்றி வைப்பது. பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு நாலாயிரம் பொருள். கண் தேதியைப் படிக்கும், கை கொண்டுபோய் வைக்கும். நடுவில் அவள் தேவைப்படுவதில்லை. அந்த நேரத்தில் அவளால் வீட்டு வாடகையைப் பற்றியோ மகளின் தலைப்பேனைப் பற்றியோ யோசிக்க முடிந்தது.

ஹாரன் இரண்டாவது வாரத்தில் குளிர்ந்தான். ஸ்டீயரிங்கிலிருந்து அவன் கையைப் பிரிக்க வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. மருத்துவமனை வராந்தாவில் கிடத்தியிருந்தவனை, டாக்டர் முடிவு சொன்னதும், இடமில்லை என்று கையில் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உணவுப் பொருளை நோயாளி இருக்கும் அறையில் வைக்காதீர்கள் என்பதுதான் அதிலிருந்த ஒரே வரி. வாசலில் மஞ்சள் நாடா கட்டினார்கள். உள்ளே அவன், அவள், ஏழு வயது மகள். வீடு ஒரு அறை, ஒரு சமையல் இடுக்கு. நடுவில் ஒரு துணித் திரை. அவன் அறையின் மூலையில் கட்டிலில் கிடந்தான். புருவத்தில் பனி வெள்ளையாகப் பூத்திருந்ததை மகள் காலையில் எழுந்ததும் துடைத்துவிடுவாள்.

"நம்ம ஃப்ரிட்ஜ் செத்துப்போச்சுங்க," என்றாள் தேதி மூன்றாம் நாள்.

"மெக்கானிக்கக் கூப்பிட வேண்டியதுதானே."

"அவரும் பதினொண்ணு டிகிரி."

"அப்ப அவரையே கூப்பிட்டு உள்ள உக்கார வை. ஃப்ரிட்ஜ் வேலை செய்யும்."

அவள் சிரித்ததில் மேல்வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று படியிறங்கி வந்து, நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "இருக்கிற இருப்புல சிரிப்பு வேறயா? எனக்கும் சொல்லுங்கடி," என்று கேட்டாள்.

வாரம் ஒருமுறை நகராட்சி வண்டி வாசலில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போகும். முதல் வாரம் பெட்டியைத் தூக்க இரண்டு கை தேவைப்பட்டது. நான்காவது வாரம் ஒரு கை போதும். தேதி எல்லாவற்றையும் சமையல் இடுக்கில் வைத்து, திரையை இழுத்துவிட்டு, அங்கேயே நின்று சாப்பிட்டாள், மகளையும் நிற்கவைத்து ஊட்டினாள். உணவின் வாசனைகூட அந்தப் பக்கம் போகக் கூடாதென்று திரையின் கீழ் ஓரத்தில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தாள். ஹாரனுக்கு மட்டும் கஞ்சியை எடுத்துப்போய், அவன் வாய்க்குள் போகும் வரை டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டு, காலியானதும் ஓடிவந்துவிடுவாள். ஒவ்வொரு காலையும், கிடங்கைப் பூட்டும் முன் அவள் எடுத்துவந்திருந்த ஆப்பிள் அறை வெப்பமானி. பன்னிரண்டு. பதினைந்தரை. இருபது. இருபத்தாறில் அவன் எழுந்து உட்கார்ந்தான். முப்பதில் ஜன்னல் வரை நடந்தான். முப்பத்து மூன்றில் மகளைக் காலில் வைத்து, அறைக்குள்ளேயே திருப்பத்துக்குத் திருப்பம் பீப்பீ என்று வண்டி ஓட்டினான். மகள் எடையே இல்லாமல் இருந்தாள். முழங்கால் மட்டும் பெரிதாக இருந்தது. பால் எப்போது வரும் என்று தினம் ஒருமுறை கேட்பாள். பதில் வராவிட்டால் அழவும் மாட்டாள், அடுத்த நாள் மறுபடி கேட்பாள்.

முப்பத்தெட்டாவது நாள் காலை ஹாரனுக்கு முப்பத்தைந்தரை. அன்றைய பெட்டியில் நாலு உருளைக்கிழங்கு, ஒரு பிடி அரிசி, ஒரு சோப்பு, ஒரு பாக்கெட் பால் இருந்தது. தேதி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். நாளை. பாதியை இன்று கொடுக்கலாம், பாதியை நாளைக்கு வைக்கலாம் என்று நினைத்தாள். பாதியைக் காய்ச்சி மகளுக்குக் கொடுத்தாள். மகள் டம்ளரின் உள்பக்கத்தை விரலால் வழித்தாள். உச்சிவெயில், இரண்டு நாளாகத் தேதியின் வயிற்றில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் போகவில்லை, தலைக்குள் ஒரு ஈ சுற்றுவது போல இருந்தது. மீதிப் பாக்கெட்டின் வாயை மடித்து ரப்பர் வளையம் போட்டாள். கண் தேதியைப் படித்தது. கை, பதினோரு வருடம் செய்ததைச் செய்தது. நாள் நெருங்கியதை, இத்தனை நாள் அந்த வீட்டில் எது அதிகக் குளிர்ச்சியாக இருந்ததோ அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. அவள் அப்போது, அவன் எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கியதும் மகளுக்கு ஒரு செருப்பு வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்தாள்.

நாலு மணிக்கு விழித்தபோது, தூங்கிக்கொண்டிருந்த அவன் நெஞ்சில், கைக்கும் விலாவுக்கும் நடுவில், பால் பாக்கெட் இருந்தது. பாக்கெட்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவன் புருவத்திலும். அவள் பிடுங்கினாள். வரவில்லை; அவன் விரல்கள் அதை மூடியிருந்தன. எப்போதோ விழித்து, பார்த்து, இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். வெப்பமானி எட்டு காட்டியது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழரைக்கு வந்தது.

"விடுங்க," என்று கத்தினாள். "விடுங்க, ஐயோ, கையை விடுங்க."

"கெடலையே?" என்றான் அவன். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கையைப் பிரித்த பிறகு மகள் மீதிப் பாலைக் குடித்தாள். அது பதினொரு நாள் கெடாமல் இருந்திருக்கும், ஆனால் மறுநாள் மதியமே தீர்ந்தது. டாக்டர் வந்து பார்த்தார். ஹாரனின் சட்டையில் பாக்கெட்டின் நாலு ஓரமும் சதுரமாக ஈரம் விட்டிருந்ததைக் கவனித்தார். தேதி வாயைத் திறப்பதற்குள், படிவத்தில் காரணம் என்று போட்டிருந்த இடத்தில் தெரியவில்லை என்று எழுதி, பேனாவை மூடினார். தெரு முழுக்க ஒரு வாரம் அவளைத் தேற்றியது. பாவம், கரை வந்து சேரும் நேரத்தில், என்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் கிடங்கு திறந்தது. குளிர்பதன இயந்திரங்களுக்கு உதிரிபாகம் வேண்டும். உதிரிபாகம் வர லாரி வேண்டும். ஓட்டுநர்களுக்குச் சாப்பாடு வேண்டும். சாப்பாடு கிடங்கில் இருக்க இயந்திரம் ஓட வேண்டும். இந்த முடிச்சை ஒரு கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் அவிழ்க்கப் பார்த்துவிட்டு, மேலாளர் வேறு யோசனை சொன்னார். ஏழுக்குக் கீழே போனவர்கள் அப்போது தொண்ணூற்று ஆறு பேர். குடும்பங்களிடம் கையெழுத்து வாங்க ஆள் வந்தது. வாரம் இரண்டு பெட்டி உணவு, நோயாளிக்குக் கௌரவமான இடம், மழை வெயில் படாது. தேதி நான்கு நாள் கதவைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் மகள் படியில் மயங்கி விழுந்தாள். தேதி கையெழுத்துப் போட்டாள்.

தொண்ணூற்று ஆறு பேரையும் ஆளுக்கு ஒரு மரப்பலகை மேல் வைத்து, எட்டு அடிக்கு ஒருவராக வரிசைகளில் நிறுத்தினார்கள். லாரிகள் வந்தன. கடைக்காரர் தீப்பெட்டிகளை நெருக்கி அடுக்கினார். காய்கறி விலை பழைய இடத்துக்கு வந்தது, கீரை மட்டும் பழையதைவிட நன்றாக இருந்தது. மக்கள் கொஞ்ச நாள் சங்கடத்தோடு வாங்கினார்கள், பிறகு பேரம் பேசி வாங்கினார்கள். தேதிக்கு அவளுடைய வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள். ஒன்பதாவது வரிசையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஹாரன் அங்கேதான் நின்றான்.

அவள் அங்கே ஒரு வேலை செய்தாள். நாள் நெருங்கியதையெல்லாம் பக்கத்து வரிசை ஆட்களிடம் பங்கிட்டுத் தள்ளிவிட்டு, அவனைச் சுற்றி உப்பு மூட்டை, சோப்பு, துடைப்பம், மெழுகுவத்தி, சீனி என்று கெடவே தெரியாத பொருட்களாக அடுக்கினாள். அவளும் டாக்டரைப் போலக் கணக்குப் போட்டிருந்தாள்: காப்பாற்ற ஒன்றுமில்லை என்றால் உடம்பு என்னதான் செய்யும். ஏழுக்குக் கீழே போனவர்கள் மிக மெதுவாகத்தான் ஏறுவார்கள். நாலு டிகிரியிலிருந்து ஐந்துக்கு வர ஒரு மாதம் ஆனது. ஐந்திலிருந்து ஆறுக்கு இன்னொரு மாதம். ஆறரையில், ஒரு வியாழக்கிழமை, அவள் சோப்புப் பெட்டியை நகர்த்தும்போது அவன் உதடு குவிந்தது. சத்தம் வரவில்லை, வெறும் காற்று. ஆனால் திருப்பத்தில் வண்டி வரும்போது குவியுமே, அதே மாதிரி. ஏழைத் தொட்டால் பேசிவிடுவான். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் வெகுநாளைக்குப் பிறகு மகளுக்குத் தலை பின்னிவிட்டாள், அவிழ்த்து மறுபடியும் பின்னினாள்.

சனிக்கிழமை ஒன்பதாவது வரிசையின் மறுகோடியில் எண்பது பெட்டி திராட்சை புளித்துவிட்டதாகத் தகவல் போய், மேலாளர் நேரில் வந்தார். மோசமான மனிதர் இல்லை. அவருடைய தம்பியும் மூன்றாவது வரிசையில் நின்றான். ஹாரனைச் சுற்றிலும் பார்த்தார், பிறகு தேதியைப் பார்த்தார்.

"என்னம்மா இது? உப்புக்கு எதுக்கும்மா ஒரு ஆளு?"

அவள் ஒரு உப்பு மூட்டையை நேராக்கி வைத்தாள்.

"துடைப்பம் கெட்டா போயிடும்?"

"இன்னும் அரை டிகிரிங்க ஐயா. ஒரு பதினஞ்சு நாள் விட்டீங்கன்னா..."

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் மேலாளர். "என் தம்பிகிட்டயும் நான் உப்ப அடுக்கியிருக்க மாட்டனா? எல்லாருக்கும் அடுக்கினா கத்திரிக்காயை யார் பாத்துக்கிறது, சொல்லு."

அன்று மாலையே ஹாரனை மீன் அறைக்கு மாற்றினார்கள். மீன் அறையில் நிற்பவர்கள் எல்லாரையும்விடக் கடுமையாக உழைத்தார்கள். ஒரு வாரத்தில் இரண்டு டிகிரிக்கு வந்துவிட்டான். அங்கே தேதி பார்க்கும் வேலை இல்லை, மீனுக்கு யாரும் தேதி போடுவதில்லை. மதிய இடைவேளையில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்று சாப்பிட்டுவிட்டு வருவாள். மூன்று வருடத்தில் அவன் உதடு மறுபடி குவியவில்லை. மகள் உயரமானாள், முழங்கால்கள் சதைக்குள் போயின. பள்ளியில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டபோது, கிடங்கில் நிற்கிறார் என்று எழுதினாள். வகுப்பில் இன்னும் நாலு பேர் அப்படியே எழுதியிருந்தார்கள்.

நான்காம் வருடம் புது இயந்திரங்கள் வந்தன. சத்தம் குறைவு, மின்சாரம் குறைவு. அவரவர் குடும்பத்தார் பதினைந்து நாளுக்குள் வந்து அழைத்துப் போகும்படியும், வராதவர்களை நகராட்சிக் கொட்டகையில் வைப்பதாகவும் அறிவிப்பு ஒட்டினார்கள். பாதிப் பேரை யாரும் அழைத்துப் போகவில்லை. சிலருடைய மனைவி வேறு வீட்டில் இருந்தாள், சிலருடைய வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள், சிலருக்குப் படி ஏற்ற வழியில்லை. தேதி ஒரு தள்ளுவண்டி வாடகைக்கு எடுத்து, கம்பளியால் போர்த்தி, மகள் பின்னால் தள்ள, தானே முன்னால் இழுத்துவந்தாள்.

வீட்டில் ஒரு பருக்கை இல்லாமல் துடைத்தாள். சமையல் இடுக்கைக் கழுவி, டப்பாக்களைத் தெருவில் கொடுத்துவிட்டாள். புதுசாக வாங்கிய ஃப்ரிட்ஜை மேல்வீட்டு அக்காவிடம் தள்ளிவிட்டாள். நாற்பது நாள் அவளும் மகளும் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் வாய் கொப்பளித்து, சட்டை மாற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒவ்வொரு காலையும் வெப்பமானி. இரண்டு. இரண்டு. பத்தாம் நாள் இரண்டு. முப்பதாம் நாளும் இரண்டு. டாக்டருக்கு இப்போது தலை நரைத்திருந்தது. அவர் வந்து நாடி பார்த்தார், அது பார்ப்பதற்குப் பொறுமை வேண்டிய நாடி. மூன்று வருட மீனுக்குப் பிறகு உடம்புக்குக் கெடாமல் வைத்திருக்க வேறு எதுவும் தேவையில்லை, தன்னையே வைத்திருக்கிறது என்றார். படிவம் எதுவும் கொண்டுவரவில்லை.

நாற்பதாவது நாள் மதியம் மகள் கடைக்குப் போயிருந்தாள். தேதி கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குப் பாலை வச்சது நான்தாங்க," என்றாள். "தெரிஞ்சு வைக்கல. கை வச்சிடுச்சு."

கால் மணி நேரம் காத்திருந்தாள். அவன் மூச்சு வந்தது. முந்தைய மூச்சைப் போலவே வந்தது, போனது. அடுத்த மூச்சுக்கும் காத்திருந்தாள். அதுவும் அப்படியே. வெயில் சுவரில் ஒரு சாண் நகர்ந்திருந்தது. மகள் தக்காளிப் பையோடு வாசலில் வந்து நின்றாள். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றாமல், படியிலேயே வைக்கட்டுமா என்பது போலப் பார்த்தாள். பிறகு அவளே கேட்டாள்.

"அப்பாகிட்ட வைக்கவா?"

தேதி மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒளித்துவைத்த எதுவும் இல்லை. தக்காளி கனமாக இருந்தது, கை வலித்தது, அவ்வளவுதான்.

"வை," என்றாள்.

அந்தத் தக்காளி எழுபது நாள் இருந்தது. தெருவில் செய்தி பரவ அவ்வளவு நாள் எடுக்கவில்லை. தேதி கொடுத்த ஃப்ரிட்ஜை வைத்திருந்த மேல்வீட்டு அக்கா, மின்சாரத்தை எதற்கு வீணாக்குவது என்று அடுத்த வாரத்திலிருந்து கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பாத்துக்கப்பா," என்று சொல்லி, அரைக் கிலோ கறியை அவன் மடியில் வைத்துவிட்டு, போகிற போக்கில் அவன் புருவத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.